அம்மாவின் முழங்காலுக்கு எந்தத் தீவு?

அக்கா குடும்பம் ஜூன் இரண்டாம் வாரம் மிலானுக்கு வருகிறது. ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று அத்தான் போட்டிருக்கும் பட்டியலில் மூச்சுவிட இடமில்லை. கடைசியில் ஒரே ஒரு நாளை மட்டும் என் கையில் கொடுத்திருக்கிறார்கள். "அன்னைக்கு மியூசியம், க்யூ எதுவும் வேண்டாம்டா. ஏரிக்கு நடுவுல தீவெல்லாம் இருக்காமே, அங்கே போய் நிம்மதியா உட்கார்ந்துட்டு வருவோம்" என்றாள் அக்கா போனில். எந்தத் தீவு என்று முடிவு செய்வது என் பொறுப்பு.

வருகிறவர்கள் ஐந்து பேர். அக்கா, அத்தான், 13 வயதில் மகள், 5 வயதில் மகன், அப்புறம் 71 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடுவார், இறங்கும்போதுதான் முகம் சுருங்கும். சுத்த சைவம். அத்தானுக்கு மீன் இல்லாத சாப்பாடு சாப்பாடே இல்லை. பெரியவளுக்குப் படம் எடுக்க நல்ல இடம் இருந்தால் போதும். சின்னவன் ஓட வேண்டும். ஓட விடவில்லை என்றால் நம்மை ஓட விடுவான்.

நான் மிலானுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏரிக்குக் கூட்டிப் போவது என் வேலையாகிவிட்டது. அழகை வைத்துத் தீவுகளை ஒப்பிட ஆரம்பித்தால் முடிவே வராது என்பது அந்த அலைச்சலில் புரிந்தது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் எந்த ஏரியும் அழகுதான். நான் பார்ப்பது வேறு மூன்று விஷயங்கள்: எத்தனை முறை படகு ஏறி இறங்க வேண்டும், எத்தனை படி, காசு கொடுக்காமல் நிழலில் உட்கார இடம் உண்டா. இந்த மூன்றாவதைத்தான் யாரும் முன்கூட்டியே விசாரிப்பதில்லை.

முதலில் எல்லோரும் சொல்லும் பெயரிலிருந்து தொடங்குகிறேன். மஜோரே ஏரி, இத்தாலியில் கார்தாவுக்கு அடுத்த பெரிய ஏரி. அதன் வடக்கு முனை சுவிட்சர்லாந்துக்குள் போய்விடும். இத்தாலியப் பக்கத்தில் ஸ்ட்ரேசா என்ற ஊருக்கு எதிரே பொரோமியோ என்ற பிரபுக் குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் தீவுக்கூட்டம் இருக்கிறது. மிலான் சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஸ்ட்ரேசா. வண்டி மாறவும் வேண்டாம். இந்த ஒரு வசதிக்காகவே பாதிப் பேர் அங்கே போகிறார்கள்.

அங்கே மக்கள் போய்ப் பார்ப்பது மூன்று தீவுகள். இசோலா பெல்லா, இசோலா மாத்ரே, இசோலா தெய் பெஸ்கதோரி. இசோலா என்றால் தீவு. ஒரு நாளில் மூன்றையும் பார்த்துவிடலாம் என்று ஸ்ட்ரேசா படகுத்துறையில் நிற்கிற எல்லோரும் சொல்வார்கள். பார்க்கலாம், உண்மைதான். இரண்டு வருஷம் முன்பு பெரியப்பா குடும்பத்தோடு நானும் அப்படித்தான் பார்த்தேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்த பெரியம்மா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "ஏண்டா, நாம போனது ரெஸ்ட் எடுக்கத்தானே?"

இசோலா பெல்லாவைப் பற்றி நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது ஒரு பாறைத் திட்டு. 1632-ல் மூன்றாம் கார்லோ பொரோமியோ அங்கே மாளிகை கட்டத் தொடங்கினார். மனைவி இசபெல்லாவின் பெயரைத் தீவுக்கு வைத்தார். அதுதான் சுருங்கி பெல்லா ஆயிற்று. பெல்லா என்றால் அழகி என்பதால் பெயரும் பொருந்திப்போனது. மாளிகைக்குப் பின்னால் 10 அடுக்காக ஏறும் தோட்டம், உச்சியில் ஒற்றைக்கொம்புக் குதிரைச் சிலை. தண்ணீரில் நிற்கும் கப்பல் போலத் தெரியும். மாளிகையின் கீழ்த்தளத்தில் சுவர், கூரை, தரை எல்லாம் கூழாங்கல்லும் சிப்பியும் பதித்த குகை அறைகள் இருக்கின்றன. வெயில் காலத்தில் குளிர்ச்சியாக உட்காரக் கட்டியவை. 1797-ல் நெப்போலியன் வந்து தங்கினார். 1935 ஏப்ரலில் இத்தாலி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் ஹிட்லருக்கு எதிராகக் கூடிப் பேசிய மாநாடு நடந்ததும் இந்த மாளிகையில்தான். சரித்திரம் பிடிக்கும் என்றால் இதை விடக் கூடாது.

ஆனால் இது பார்ப்பதற்காகக் கட்டிய தீவு. டிக்கெட் வாங்கி மாளிகைக்குள் நுழைந்து, அறை அறையாக ஒரு வழிப் பாதையில் நடந்து, குகை அறைகளுக்கு இறங்கி, மறுபடி ஏறித் தோட்டத்துக்கு வந்து, அங்கே இன்னும் அடுக்குகள் ஏற வேண்டும். திரும்பி வரலாம் என்றால் வழி முன்னால்தான் போகும். பெரியவருக்கு டிக்கெட் 20 யூரோவுக்குக் குறையாது. அவ்வளவு கொடுத்தபின் பாதியில் உட்கார மனசு வருமா? தோட்டத்தில் வெள்ளை மயில்கள் சுற்றும். பெரியப்பாவின் பேரன் அன்று அவற்றில் ஒன்றின் எதிரே வெகுநேரம் நின்றான். "மயில் இருக்கு, முருகன் எங்கே?" என்று கேட்டான். அவனுக்கு அன்று பிடித்தது அந்த ஒரு இடம்தான். மாளிகைக்குள் இருந்த ஒன்றரை மணி நேரமும் "தொடாதே" என்ற சொல்லைத் தவிர அவன் வேறு எதையும் கேட்கவில்லை.

இசோலா மாத்ரே அதைவிடப் பெரிது, சுமார் 20 ஏக்கர். மாளிகை இங்கேயும் உண்டு, ஆனால் தோட்டம்தான் தீவு. புல்வெளி, பெரிய மரங்கள், கூண்டில் இல்லாமல் சுற்றித் திரியும் மயில்கள். கூட்டமும் பெல்லா அளவுக்கு இருக்காது. மாளிகை முற்றத்தில் ஒரு காஷ்மீர் சைப்ரஸ் மரம் இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. 2006 ஜூனில் அடித்த சூறைக்காற்று அதை வேரோடு சாய்த்துவிட்டது. வெட்டி அப்புறப்படுத்துவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். இவர்கள் கிரேன் கொண்டுவந்து நிமிர்த்தி, நாலாபக்கமும் இரும்புக் கயிறுகள் கட்டி, நிற்க வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைக்கும் நோயாளி போல நிற்கிறது. நீலச் சாம்பல் நிறத்தில் தொங்கும் இலைக்கொத்துகளுக்கு அடியில் நின்று பார்த்தால் கயிறுகள் எங்கே போய் முடிகின்றன என்று தேட வேண்டியிருக்கும். பெரியம்மா அந்த மரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று தீவில் எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாத்ரேவைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால் ஸ்ட்ரேசாவிலிருந்து அதுதான் தள்ளி இருப்பது, படகு மற்றத் துறைகளில் நின்று நின்று போகும். அங்கேயும் நுழைவுக் கட்டணம் உண்டு.

மூன்றாவது பெஸ்கதோரி, மீனவர் தீவு. இதற்கு டிக்கெட் கிடையாது. 400 மீட்டர்கூட நீளமில்லை. நடுவில் ஒரு சந்து, இரண்டு பக்கமும் நெருக்கியடித்த வீடுகள். அந்தக் காலத்தில் மீன் உலர்த்திய நீண்ட மர பால்கனிகள் இன்னும் இருக்கின்றன. மூன்று தீவுகளில் வருஷம் முழுக்க ஆட்கள் குடியிருப்பது இதில் மட்டும்தான். வடக்கு முனையில் மரங்களும் பெஞ்சுகளும் போட்ட ஒரு வால் பகுதி உண்டு. காசில்லாமல் உட்கார அந்த முனைதான். ஆனால் மதியம் 12-லிருந்து 3 வரை சந்தில் முட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், ஹோட்டல்களில் விலையும் அந்தக் கூட்டத்துக்கு ஏற்றாற்போலத்தான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் போனால் அதே தீவு வேறு தீவாக இருக்கும். சின்னப் பையனை வைத்துக்கொண்டு மிலானுக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு அது சரிப்படாது.

ஸ்ட்ரேசா போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. துறையில் அரசு நிறுவனத்தின் பொதுப் படகும் உண்டு, தனியார் மோட்டார் படகும் உண்டு. ரயிலிலிருந்து இறங்கி வந்ததுமே மாலுமித் தொப்பி போட்டவர் ஒருவர் நம்மைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் அவரிடமே வாங்கிவிட்டோம். திரும்பும்போது முதலில் வந்த பொதுப் படகில் ஏறப்போனால், இந்த டிக்கெட் இதில் செல்லாது என்று இறக்கிவிட்டார்கள். எங்கள் படகு வர 40 நிமிடம் ஆனது. வெயில், நிழல் இல்லாத துறை, பெரியப்பாவின் பார்வை. தனியார் படகு மோசம் என்று சொல்லவில்லை. எந்த டிக்கெட் எந்தப் படகுக்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது ஓர்த்தா ஏரி, மஜோரேவுக்கு மேற்கே மலை தாண்டினால் வரும் சின்ன ஏரி. அதன் நடுவில் சான் ஜூலியோ என்ற குட்டித் தீவு. 275 மீட்டர் நீளம், 140 மீட்டர் அகலம். கரையிலிருக்கும் ஓர்த்தா சான் ஜூலியோ ஊரின் சதுக்கத்திலிருந்து படகில் ஐந்தே நிமிடம். படகில் ஏறுகிற இடத்திலிருந்தே தீவு முழுக்கத் தெரியும். கதையும் நன்றாக இருக்கும்: நான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஜூலியோ என்ற துறவி, படகு ஓட்ட யாரும் வராததால், தன் மேலங்கியைத் தண்ணீரில் விரித்து, கைத்தடியைத் துடுப்பாக்கித் தீவுக்குப் போனாராம். அங்கே குடியிருந்த பாம்புகளையும் டிராகன்களையும் விரட்டிவிட்டுக் கோயில் கட்டினாராம். அந்த டிராகனின் முதுகெலும்பு என்று ஒரு எலும்பைத் தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள். உள்ளே கரும்பச்சைக் கல்லில் செதுக்கிய 12-ஆம் நூற்றாண்டுப் பிரசங்க மேடை ஒன்று இருக்கிறது. யாளி மாதிரி மிருகங்கள் ஒன்றையொன்று கவ்வுவதை அதில் கிட்டத்தில் பார்க்கலாம்.

இன்று தீவின் பெரும்பகுதி பெனெடிக்ட் சபைக் கன்னியாஸ்திரீகளின் மடம். 1973-லிருந்து இருக்கிறார்கள், வெளியே வருவதில்லை. தீவைச் சுற்றி ஒரே ஒரு பாதை, அதற்கு மௌனத்தின் வழி என்று பெயர். வழியெங்கும் மௌனத்தைப் பற்றிப் பல மொழிகளில் ஓரிரு வரி வாசகங்கள் தொங்குகின்றன. 20 நிமிடத்தில் சுற்றிவிடலாம். அதிகம் படி இல்லை, அம்மாவுக்கு ஏற்றது. கல் பாவிய தரை என்பதால் சக்கர வண்டி மட்டும் தடதடவென்று ஆடும்.

கல்லூரி நண்பன் குடும்பத்தோடு போனபோது அவனுடைய நாலு வயதுப் பெண் அந்த மௌனத்தின் வழியில் முழுத்தொண்டையில் ஒரு சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டே வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எதிரே வந்த வயதான ஜெர்மன் தம்பதி புன்னகைத்த விதத்திலேயே நண்பனின் மனைவிக்கு வியர்த்துவிட்டது. தீவில் உட்கார இடமும் குறைவு. கரை முழுக்கத் தனியார் வீட்டுச் சுவர்கள். ஆக, ஓர்த்தா அரை நாளுக்கான இடம். மிச்ச அரை நாளைக் கரையிலிருக்கும் சதுக்கத்தில், கஷ்கொட்டை மரத்தடியில், ஐஸ்கிரீமோடு கழிக்கலாம். கொஞ்சம் தெம்பு இருந்தால் ஊருக்கு மேலே சாக்ரோ மோந்தே என்ற குன்று. புனித பிரான்சிஸின் வாழ்க்கையைச் சொல்லும் 20 சிறு கோயில்கள், 2003-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

இந்த ஏரிக்கு ஒரு பழைய நோய்க்கதை உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். 1926-ல் தெற்குக் கரையில் வந்த செயற்கைப் பட்டு ஆலையின் கழிவில் செம்பும் அம்மோனியமும் கலந்து மீன் இனமே அற்றுப்போனது. 1989-90-ல் ஆயிரக்கணக்கான டன் சுண்ணாம்புப் பொடியை ஏரியில் கரைத்து, அந்தக் கழிவால் தண்ணீரில் ஏறியிருந்த அமிலத்தன்மையை முறித்தார்கள். இன்று தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தத் தண்ணீரைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஓர்த்தாவுக்கு ரயிலில் போகலாம் என்றாலும் நோவாராவில் மாற வேண்டும், வண்டிகளும் குறைவு, ஸ்டேஷன் ஊருக்கு மேலே தள்ளி இருக்கிறது. கார் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

இனி இசேயோ ஏரி. மிலானுக்குக் கிழக்கே, பெர்காமோ, பிரெஷா நகரங்களுக்கு நடுவில் இருக்கிறது. ஊரில் யாரும் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கோமோவுக்கும் கார்தாவுக்கும் போகிற கூட்டம் இதன் இரண்டு பக்கமாகப் பிரிந்து போய்விடுகிறது. ஏரியின் நடுவில் ஒரு மலையே எழுந்து நிற்கும். மோந்தே இசோலா, அதாவது மலைத்தீவு. இத்தாலிய ஏரிகளில் இருக்கும் தீவுகளில் இதுதான் பெரிது. சுற்றி வர 9 கிலோமீட்டர், உச்சி கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர். ஆயிரத்து ஐநூறுக்கு மேற்பட்டவர்கள் பத்துப் பன்னிரண்டு சிற்றூர்களில் வாழ்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம். இங்கே படகு சுற்றுலாக்காரர்களுக்காக ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் மளிகை வாங்கவும் போகிறவர்களுக்காக ஓடுகிறது. அதனால் சுல்ஸானோ துறையிலிருந்து பகலில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு படகு, இரவிலும் வெகுநேரம் வரை உண்டு. ஐந்து நிமிடத்தில் பெஸ்கியேரா மராலியோ என்ற ஊரில் இறக்கிவிடும். கடைசிப் படகைத் தவறவிடுவோமோ என்ற பதற்றம் இல்லை. ஒரு நாளின் நிம்மதி பாதி அதில்தான் இருக்கிறது. ஸ்ட்ரேசாவில் பெரியப்பா ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இங்கே யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, தீவில் தனியார் கார் கிடையாது. ஆம்புலன்ஸ், பஸ் போலச் சில வாகனங்கள் மட்டும். ஊர்க்காரர்கள் ஸ்கூட்டரில் போவார்கள், சாமான் ஏற்றிக்கொண்டு மூன்று சக்கர ஆப்பே போகும். ஆமாம், நம் ஊரில் ஷேர் ஆட்டோவாக ஓடுகிற அதே ஆப்பேதான், பிறந்த இடம் இத்தாலி. ஆப்பே என்றால் தேனீ, வெஸ்பா என்றால் குளவி. தண்ணீர்க்கேன்களோடு தடதடத்துப் போன ஆப்பேயைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் நம் ஊர்ச் சந்தையில் நிற்பது போலிருந்தது. ஸ்கூட்டர் வரும்போது ஒதுங்க வேண்டும், அது ஒன்றுதான் கவனம். மற்றபடி சின்னவனை அவிழ்த்துவிட்டுவிடலாம். தண்ணீர்ப் பக்கம் மட்டும் யாராவது ஒருவர் நடக்க வேண்டும். ஏரி 250 மீட்டர் ஆழம், கரையிலிருந்து சட்டென்று இறங்கிவிடும்.

மூன்றாவது, உட்கார இடம். பெஸ்கியேராவிலிருந்து சென்சோலே என்ற ஊர் வரை கரையோரமாக ஒரு பாதை போகிறது. கிட்டத்தட்டச் சமதளம். ஒரு பக்கம் ஆலிவ் தோப்பு, மறுபக்கம் தண்ணீர், நடுநடுவே பெஞ்சு. எதிரே சான் பவோலோ என்ற ஒரு வீடு மட்டும் இருக்கும் பொட்டுத் தீவு தெரியும். அங்கே போக முடியாது, தனியார் சொத்து. பெரியவள் எடுக்கப்போகும் படங்களில் பாதி அதுவாகத்தான் இருக்கும். அம்மா நடக்கிற வரை நடந்து, வலித்தால் உட்கார்ந்துவிடலாம். இங்கே எதையும் முழுசாகப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கிய டிக்கெட் சில யூரோ, அதுவும் படகுக்குத்தான்.

தெம்பு இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. பெஸ்கியேராவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். தீவின் உச்சியில் மாதா கோயில். பஸ்ஸில் கூரே என்ற ஊர் வரை போய் அங்கிருந்து ஏறலாம். அத்தானும் பெரியவளும் போகட்டும். அக்கா எங்கேயும் போகமாட்டாள், எனக்குத் தெரியும்.

2016-ல் இந்தத் தீவை உலகமே திரும்பிப் பார்த்தது. கிறிஸ்டோ என்ற கலைஞர், சுல்ஸானோவிலிருந்து தீவுக்கும், தீவிலிருந்து சான் பவோலோவுக்கும் தண்ணீர் மேல் மிதக்கும் பாதை போட்டார். 2,20,000 பிளாஸ்டிக் கனசதுரங்களைக் கோர்த்து, மேலே மஞ்சள் துணி விரித்து, 3 கிலோமீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை 16 நாள், கட்டணம் இல்லை. 12 லட்சம் பேர் வந்து நடந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். தீவுக்குப் பாலம் என்று ஒன்று இருந்தது அந்தப் பதினாறு நாள் மட்டும்தான். பெஸ்கியேராவில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைப் பெரியவரிடம் என் அரைகுறை இத்தாலியனில் அதைப் பற்றிக் கேட்டேன். அவர் கையை அலை மாதிரி ஆட்டிக் காட்டினார், நடக்கும்போது அப்படி ஆடுமாம். "அழகாக இருந்தது, முடிந்தபோது தூங்கினோம்" என்றார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மோந்தே இசோலாவில் அத்தானுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது: கருவாடு. மத்தி மாதிரி இருக்கும் ஏரி மீனைக் குடல் எடுத்து, உப்பில் போட்டு, வெயிலிலும் ஏரிக்காற்றிலும் காயவைத்து, பிறகு ஆலிவ் எண்ணெயில் அமுக்கி மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். சுட்டு, போலேந்தாவோடு தருவார்கள். போலேந்தா வேறொன்றுமில்லை, மக்காச்சோளக் களி. களியும் கருவாடும்! நான் சாப்பிட்ட அன்று தட்டில் மூன்று மீன் இருந்தது. முதல் வாய் உப்புக் கரித்தது, இரண்டாவதில் எண்ணெயும் புகையும் சேர்ந்து ஒரு ருசி வந்தது, மூன்றாவதைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் முள்கரண்டியோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அம்மாவுக்குத்தான் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும். இது எல்லாத் தீவுக்கும் பொருந்தும். ரிசோத்தோ பார்க்க வெண்பொங்கல் மாதிரி சாதுவாக இருக்கும், ஆனால் பல இடங்களில் மாட்டிறைச்சி அல்லது கோழிச் சாற்றில் வேகவைத்திருப்பார்கள். பிரோதோ, அதாவது அந்தச் சாறு, எதில் செய்தது என்று கேட்டுவிட வேண்டும். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் உண்டு, கண்டிப்பான சைவக்காரர்களுக்கு அதுவும் ஆகாது. தக்காளி, துளசி இலை போட்ட பாஸ்தாவை சீஸ் தூவாமல் கேட்டால் தருவார்கள். இன்னொன்று, மதியம் இரண்டரை மணிக்கெல்லாம் சமையலறையைச் சாத்திவிடுவார்கள். மூன்று மணிக்குப் பசி என்று போய் நின்றால் சிப்ஸ்தான் கிடைக்கும். கழிப்பறைக்கு ஏதாவது பாரில் ஒரு காபி வாங்கிக்கொண்டு கேட்பதுதான் வழக்கம்.

மோந்தே இசோலாவின் குறையையும் சொல்ல வேண்டும். முதல் குறை பயணம். மிலானிலிருந்து பிரெஷா வரை ஒரு ரயில், அங்கே மாறி எதோலோ போகும் வண்டியில் சுமார் 40 நிமிடம், சுல்ஸானோவில் இறங்கித் துறைக்குக் கீழே நடை. வண்டி தவறினால் பிரெஷாவில் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, 'பார்க்க' என்று பெரிதாக எதுவும் இல்லை. மாளிகை இல்லை, ஓவியம் இல்லை, மயில் இல்லை. மழை பெய்தால் ஒதுங்க ஹோட்டல்தான். மழை நாளில் இசோலா பெல்லாவின் மாளிகை எவ்வளவோ மேல். ஞாயிற்றுக்கிழமையும் ஆகஸ்ட் நடுவிலும் பிரெஷாவும் பெர்காமோவும் மொத்தமாக இங்கே இறங்கிவிடும். அப்போது நான் சொன்ன பெஞ்சில் இடம் கிடைக்காது.

மற்றத் தீவுகளையும் நான் விட்டுவிடவில்லை, ஆனால் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கோமோ ஏரியில் கொமாச்சீனா என்ற ஒரே தீவுதான். 1169-ல் கோமோக்காரர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள், இன்று பெரும்பாலும் இருப்பது இடிந்த கோயில்களும் மேடும் பள்ளமும்தான். கோமோவிலேயே தங்கியிருப்பவர்கள் எட்டிப் பார்க்கலாம். கார்தா ஏரித் தீவு ஒரு குடும்பத்தின் சொந்த இடம். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு, சொன்ன நேரத்துக்குப் போய் வர வேண்டும். அக்கா 'க்யூ வேண்டாம்' என்று சொன்னதன் அர்த்தத்துக்கு நேர் எதிர். ரோமிலோ ஃப்ளாரன்ஸிலோ தங்குகிறவர்கள் வடக்கே வரவே வேண்டாம். நடுவில் உம்ப்ரியாவில் திராசிமேனோ ஏரி இருக்கிறது. கிமு 217-ல் ஹானிபால் ரோமானியப் படையை மறித்து அழித்த கரை. அதன் இசோலா மஜோரே தீவில் புனித பிரான்சிஸ் 1211-ல் தவக்காலத்தைக் கழித்தார் என்பது மரபு. ஒரே தெரு, லேஸ் பின்னல் அருங்காட்சியகம், ஆலிவ் மரங்கள், அமைதி. அத்தான் பட்டியலில் ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் நடுவில் ஒரு நாள் காலியாக இருந்திருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

சரி, முடிவு. வெயில் அடித்தால் மோந்தே இசோலா, வாரநாள், காலை 8 மணி ரயில். 11 மணிக்கு முன்னால் தீவில் இருப்போம். அம்மாவோடும் அக்காவோடும் நான் சென்சோலே பக்கம் நடப்பேன், அத்தானும் பெரியவளும் மேலே ஏறுவார்கள். ஒன்றரை மணிக்குள் எல்லோரும் பெஸ்கியேராவில் சாப்பாட்டு மேஜையில். அதற்கப்புறம் திட்டம் என்று எதுவும் கிடையாது. மழை என்று முந்தின நாள் தெரிந்தால் ஸ்ட்ரேசா. அதிலும் இசோலா பெல்லா மட்டும், மாளிகை மட்டும். தோட்டத்தின் மேல் அடுக்குகளுக்கு அம்மா ஏற வேண்டாம், கீழேயே மயில் பார்க்கலாம். மூன்று தீவு டிக்கெட்டை யார் சொன்னாலும் வாங்கப்போவதில்லை. அறுபதைத் தாண்டிய அண்ணன் தம்பி இருவர், குழந்தைகள் இல்லாமல், கார் எடுத்துக்கொண்டு வந்தால் ஓர்த்தாவுக்கு அனுப்பியிருப்பேன். இந்தக் கூட்டத்துக்கு அது வேண்டாம்.

இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி குடும்பக் குழுவில் போட்டேன். அத்தானிடமிருந்து ஒரே வரி: "கருவாடுன்னு சொன்னது நிஜமா?" பெரியவள் சான் பவோலோவின் படத்தைத் தேடி எடுத்து ஒரு இதயம் போட்டிருந்தாள். அக்கா படிக்கவே இல்லை போலிருக்கிறது, "நீ சொன்னா சரிடா" என்றாள். அம்மா மட்டும் மறுநாள் காலை போன் செய்தார். படி எத்தனை என்று கேட்பார் என்று நினைத்து, படகுத்துறைப் பலகையைக்கூட மனசில் எண்ணி வைத்திருந்தேன். "அந்தப் பெஞ்சு எல்லாம் நிழல்லதானே இருக்கு? அப்போ நான் புளிசாதம் கட்டிட்டு வந்துர்றேன், நீ யார்கிட்டயும் சீஸ் எதுல செஞ்சதுன்னு கேட்டுக்கிட்டு நிக்க வேண்டாம்" என்றார்.